விசில் எல்லோர் கைக்கும் வரட்டும்



பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ நடக்கும் கபடிப் போட்டியின் நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். விதிமுறைகளின் கடைசியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: நடுவரின் தீர்ப்பே இறுதியானது. முதல் பரிசு எவ்வளவு, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, சுழற்கோப்பை யாருடையது என்பதையெல்லாம் விழாக் குழு கூடிப் பேசி முடிவு செய்கிறது. இந்தக் கடைசி வரியைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. ஆனால் நள்ளிரவு நேரத்தில், இரண்டு புள்ளி வித்தியாசத்தில், தொட்டாரா தொடவில்லையா என்று களத்துக்குள் கூட்டம் புகும்போது, அந்தப் போட்டி நடக்குமா கலையுமா என்பது இந்த ஒரு வரியைப் பொறுத்தே இருக்கிறது. அதை நோட்டீஸில் அச்சடித்தால் போதும், ஆட்டக்காரர்கள் கட்டுப்படுவார்கள் என்று நாம் நம்புகிறோம். கட்டுப்படாதவர்களைப் பார்த்து, ஸ்போர்ட்டிவ்வாக எடுத்துக்கொள்ளப்பா என்று தோளில் தட்டுகிறோம். இரண்டும் போதவில்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். விளையாட்டுப் பண்பு என்பது அறிவுரையால் வருவதில்லை. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் ஒருமுறை நின்று பார்த்தவருக்கே அது முழுதாக வருகிறது. ஆகவே நம் ஊர்ப் போட்டிகளில் ஆடுகிற ஒவ்வொருவரும் முறை வைத்து நடுவராகவும் நிற்க வேண்டும். இதை உங்கள் முன் வழக்காக எடுத்து வாதிடவே வந்திருக்கிறேன்.

நம் தெருக்களில் ஆடப்படும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டைச் சற்றுக் கவனியுங்கள். அங்கே வைடு உண்டு, நோ பால் உண்டு, ரன் அவுட் உண்டு. எல்.பி.டபிள்யூ. மட்டும் பெரும்பாலும் கிடையாது. பந்து காலில் பட்டால் எப்போது அவுட் என்பது தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த அந்தச் சிறுவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அந்த விதியை அவர்களே கூடி எடுத்துவிட்டார்கள். அம்பயராக நிற்பவர் பெரும்பாலும் பேட்டிங் அணியின் ஆள். தன் முறை வரும்வரை அங்கே நிற்கிறார். ஸ்டம்ப் விழுந்தால் எல்லோரும் பார்க்கலாம். கேட்ச் பிடித்தாலும் எல்லோரும் பார்க்கலாம். எல்.பி.டபிள்யூ. அப்படிப்பட்டதில்லை. கால் குறுக்கே வராதிருந்தால் பந்து எங்கே போயிருக்கும் என்று ஒரே ஒருவர் கணித்துச் சொல்ல வேண்டும், மற்ற எல்லோரும் அவரை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்கு இடமில்லாததால் விதியே போய்விட்டது. விதி போனதும் ஆட்டமும் மாறிவிட்டது. காலைக் குறுக்கே வைத்து ஸ்டம்பை மறைத்துக்கொண்டு ஆடுபவரை அங்கே ஒன்றும் செய்ய முடியாது. குறி தவறாமல் நேராக வீசுபவரின் திறமைக்குப் பாதி மதிப்புத்தான் கிடைக்கிறது. இதைச் சிறுவர்களின் குறையாக நான் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் எந்த அளவு நம்ப முடியுமோ அந்த அளவுக்கு ஆட்டத்தைச் சுருக்கிக்கொண்ட அவர்களுடைய புத்தியை மதிக்கிறேன். ஆனால் நடுவரை நம்ப முடிகிற அளவுக்குத்தான் எந்த ஆட்டமும் வளர முடியும் என்பதற்கு நம் தெருவே சாட்சியாக இருக்கிறது.

கபடியில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. பாடிப் போகிறவர் கண் இமைக்கும் நேரத்தில் கையை வீசித் திரும்புகிறார். விரல் நுனி எதிராளியின் மேல் பட்டதா இல்லையா, போனஸ் கோட்டைத் தாண்டிய நேரத்தில் பின்கால் தரையை விட்டு எழுந்திருந்ததா, நாலு பேர் அமுக்கிப் பிடித்த குவியலுக்குள்ளிருந்து அவருடைய கை நடுக்கோட்டைத் தொட்டதா என்பதையெல்லாம் ஒருவர் அந்த நொடியிலேயே பார்த்து, அந்த நொடியிலேயே சொல்ல வேண்டும். முறையாக நடக்கும் போட்டிக்கு ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர் என ஆறு பேர் வேண்டும் என்று விதி சொல்வது இதனால்தான். நம் ஊர்ப் போட்டிகளில் இந்த ஆறு பேரின் வேலையையும் சில சமயம் இரண்டு பேர் பார்க்கிறார்கள். ஒரு இரவில் பத்து ஆட்டம், பதினைந்து ஆட்டம் பார்க்கிறார்கள். பிறகு விடியற்காலையில் அவர்கள் ஒரு தொடுதலைத் தவறவிட்டால் அது விலைபோன தீர்ப்பு என்று நாம் கத்துகிறோம்.

விலைபோகாத நடுவரும் தவறுவார். அதுவும் ஒரு குறிப்பிட்ட பக்கமாகச் சாய்ந்து தவறுவார். இதற்கு உறுதியான சான்று இருக்கிறது. 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, இங்கிலாந்தில் தகுதி பெற்ற 40 கால்பந்து நடுவர்களிடம் ஒரே ஆட்டத்திலிருந்து எடுத்த 47 மோதல்களை வீடியோவில் காட்டினார்கள். ஒரு சாரார் அரங்கத்தின் சத்தத்தோடு பார்த்தார்கள். மற்றவர்கள் சத்தமே இல்லாமல் பார்த்தார்கள். காட்சி ஒன்றுதான், விதியும் ஒன்றுதான். ஆனால் சத்தத்தைக் கேட்டவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள், சத்தமில்லாமல் பார்த்தவர்கள் கொடுத்ததைவிட 15.5 சதவீதம் குறைவு. அவர்களுக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. அறைக்குள் உட்கார்ந்து பதிவு செய்யப்பட்ட கூச்சலைக் கேட்டதற்கே அப்படி. ஸ்பெயின் நாட்டு லீக் ஆட்டங்களை வைத்து 2005-இல் வெளியான இன்னொரு ஆய்வு, ஆட்ட முடிவில் நடுவர் சேர்த்துக் கொடுக்கும் கூடுதல் நேரத்தை அளந்தது. உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது கொடுத்த நேரம், அதே அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது கொடுத்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இவை தகுதி பெற்ற நடுவர்களின் கதை. அப்படியென்றால் கயிறு கட்டிய களத்தின் ஓரத்தில், காதுக்குப் பக்கத்தில் ஐந்நூறு பேர் கத்த, அதே ஊரில் மறுநாள் காலையும் நடமாட வேண்டிய ஒருவர் விசிலோடு நிற்பதை எண்ணிப் பாருங்கள். அவர் தவறும்போது அந்தத் தவறில் கத்தியவர்களின் பங்கும் இருக்கிறது. நடுவரைக் குறை சொல்லும் பார்வையாளர், தான் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதி என்பதை அறிவதில்லை.

நடுவர் மீதான இந்த அவநம்பிக்கை ஊர்ப் போட்டிகளுக்கு மட்டும் உரியதும் அல்ல. டெஸ்ட் கிரிக்கெட்டில் பல்லாண்டுகள் போட்டியை நடத்தும் நாடே அம்பயர்களையும் நியமித்து வந்தது. தோற்றுத் திரும்பிய அணிகள் அடிக்கடி அம்பயர்கள் மீது குற்றம் சாட்டின. 1986-இல் லாகூரில் பாகிஸ்தான் மேற்கிந்தியத் தீவுகளோடு ஆடியபோது, இரு நாட்டையும் சேராத இரண்டு இந்தியர்கள், வி.கே. ராமசாமியும் பி.டி. ரிப்போர்ட்டரும், அம்பயர்களாக நின்றார்கள். அது ஒரு திருப்புமுனை. 1994-இலிருந்து ஒருவர், 2002-இலிருந்து இருவருமே ஆடும் நாடுகளைச் சேராதவராக இருக்க வேண்டும் என்று ஐ.சி.சி. ஏற்பாடு செய்தது. அந்த மாற்றத்தின் நடுவே நம் சென்னைக்காரர் ஒருவர் இருந்தார் என்பதை இந்த மேடையில் பெருமையோடு சொல்ல வேண்டும். எஸ். வெங்கட்ராகவன் இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர்; 57 டெஸ்ட் ஆடியவர். ஆட்டத்தை விட்ட பிறகு அம்பயராகி 73 டெஸ்ட் போட்டிகளில் நின்றார். ஆடிய டெஸ்ட்டைவிட நடுவராக நின்ற டெஸ்ட் அதிகம். ஆட்டக்காரராகப் பெற்ற புகழை வைத்துக்கொண்டு வசதியாக ஓய்வெடுத்திருக்கலாம். அவர் நாள் முழுக்க வெயிலில் நின்று மற்றவர் ஆட்டத்துக்குப் பொறுப்பேற்றார். கபில்தேவைப் பற்றியும் தோனியைப் பற்றியும் பேசும் நேரத்தில் ஒரு சிறு பங்கை இவருக்காகவும் ஒதுக்க நாம் தவறிவிட்டோம் என்றே நினைக்கிறேன்.

நடுவரை மதிக்காத பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியை வருத்தத்தோடு சொல்கிறேன். 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில் பதின்வயதுச் சிறுவர்களின் கால்பந்து ஆட்டம் நடந்தது. லைன்மேனாக நின்றவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர். தன் மகன் ஆடும் அணிக்காகக் கொடி பிடித்து நின்ற தகப்பனார். அவருடைய தீர்ப்புகள் பிடிக்காத எதிரணிச் சிறுவர்கள் ஆட்டம் முடிந்ததும் அவரை அடித்து உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். அடுத்த வார இறுதியில் அந்த நாடு முழுவதும் பொழுதுபோக்குக் கால்பந்து ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. சிறுவர்களோடு சேர்த்து ஓர் ஆட்டக்காரரின் தந்தையும் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். கோப்பைக்காகவோ கோடிப் பணத்துக்காகவோ நடந்த ஆட்டம் இல்லை அது. ஒரு சாதாரண வார இறுதி ஆட்டம்.

இந்தப் பழக்கத்தைத் தண்டனையால் அடக்க முடியாதா என்று கேட்கலாம். ஓரளவு முடியும். நடுவரிடம் வாய்த் தகராறு செய்பவரைப் பத்து நிமிடம் வெளியே உட்கார வைக்கும் முறையை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் கீழ்மட்ட லீக்குகளில் சோதித்தது. அத்தகைய தகராறுகள் 38 சதவீதம் குறைந்ததாக அறிவித்து, 2019-20 பருவத்திலிருந்து அதைப் பரவலாக்கியது. கிரிக்கெட் விதிகளைப் பேணும் எம்.சி.சி., 2017-இல் ஆட்டக்காரர்களின் நடத்தைக்கென்றே புதிய விதியைச் சேர்த்தது. அம்பயரிடம் முறைகேடாக நடந்தால் எதிரணிக்கு ஐந்து ரன், மிகக் கடுமையான குற்றம் என்றால் ஆட்டத்தைவிட்டே வெளியேற்றம். பெரிய போட்டிகளில் மேட்ச் ரெஃப்ரி இருக்கிறார், பிறகு அபராதம் போடலாம். ஊர்ப் போட்டியில் அம்பயரைவிட்டால் யாரும் இல்லை, ஆகவே அவர் கையிலேயே அதிகாரம் வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. நம் கபடியிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள் இருக்கின்றன; மஞ்சள் வாங்கியவர் இரண்டு நிமிடம் வெளியே இருக்க வேண்டும். இவற்றை நம் ஊர்ப் போட்டிகளில் தயங்காமல் பயன்படுத்த வேண்டும் என்பேன். ஆனால் அட்டை ஒருவரின் வாயை மூடும். அந்த நடுவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அவருக்குப் புரிய வைக்காது.

இந்த இடத்தில் நியாயமான ஒரு கேள்வி எழுகிறது. நடுவர் தவறாகச் சொன்னாலும் வாய் மூடி ஏற்றுக்கொள் என்கிறீர்களா? அநீதியைக் கண்டால் கேட்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, களத்தில் மட்டும் அடங்கிப் போ என்றால் அது என்ன கல்வி? இதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். பாரபட்சம் வேறு, பிழை வேறு. ஒரு நடுவர் பாரபட்சமாக நடக்கிறார் என்றால் அதை விழாக் குழுவிடம், கேப்டன் வழியாக, எழுத்தில் கொடுக்க வழி இருக்க வேண்டும். அதை விசாரிக்க வெளியூர் ஆட்கள் இருக்க வேண்டும். குற்றம் மெய்யானால் அடுத்த ஆண்டு அவரை அழைக்கக் கூடாது. இந்த வழியை அடைத்துவிட்டு மௌனத்தை மட்டும் கேட்பது அதிகாரமே தவிர ஒழுக்கம் ஆகாது. பிழை என்பது வேறு. பிழையைத் திருத்தும் வாய்ப்பு பெரும்பாலும் தீர்ப்பால் ஆதாயம் அடைந்தவரிடம்தான் இருக்கிறது. இழந்தவர் எவ்வளவு உண்மை பேசினாலும் அது சுயநலமாகவே கேட்கும். ஆதாயம் அடைந்தவர் ஒரு சொல் சொன்னால் போதும், நடுவர் உடனே நம்புவார். விளையாட்டுப் பண்பைப் பற்றிப் பேசும்போது தோற்றவரின் பொறுமையையே நாம் எப்போதும் கேட்கிறோம். ஜெயித்தவரின் வாக்குமூலத்தைக் கேட்பதில்லை.

1980 பிப்ரவரியில் பம்பாயில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட் நடந்தது. இங்கிலாந்து 58 ரன்னுக்கு ஐந்து விக்கெட் இழந்து தடுமாறிக்கொண்டிருந்த நேரம். பாப் டெய்லர் விக்கெட் கீப்பரிடம் கேட்ச் கொடுத்து அவுட் என்று அம்பயர் கையைத் தூக்கிவிட்டார். ஸ்லிப்பில் நின்ற இந்தியக் கேப்டன் குண்டப்பா விஸ்வநாத்துக்குப் பந்து மட்டையில் படவில்லை என்று தெரிந்தது. அம்பயரிடம் சென்று சொல்லி டெய்லரைத் திரும்ப அழைத்தார். அப்பீலைத் திரும்பப் பெற ஃபீல்டிங் கேப்டனுக்கு வழி இருக்கிறது, அம்பயர் சம்மதித்தார். டெய்லரும் இயன் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். இங்கிலாந்து பத்து விக்கெட்டில் வென்றது. நேர்மைக்கு இதுதான் பரிசா என்று கேட்பவர்களுக்கு நான் மழுப்பாமல் பதில் சொல்கிறேன்: ஆம், நேர்மையால் தோற்க நேரலாம். இந்தியா அன்று தோற்றது. தோற்க வாய்ப்பே இல்லாத நேர்மை என்றால் அதற்கு யாரும் பயிற்சி எடுக்க வேண்டியதில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து மெக்சிகோ உலகக் கோப்பையில் மரடோனா கையால் தட்டிப் போட்ட கோலைத் துனிசிய நடுவர் அலி பென்னசூர் கவனிக்கவில்லை. அர்ஜென்டினா இங்கிலாந்தை வென்றது, உலகக் கோப்பையையும் வென்றது. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது நடுவரின் கண்ணைக் குறை சொல்வது எளிது. ஆனால் கையால் தட்டியவருக்கு அந்த நொடியிலேயே உண்மை தெரியும்.

உண்மையைச் சொல்பவரைக் கௌரவிக்கவும் வழி இருக்கிறது. வாலிபாலில் 2023 நேஷன்ஸ் லீக் போட்டிகளில் பச்சை அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பந்து தன் கையில் பட்டது என்று ஆட்டக்காரர் தானே ஒப்புக்கொண்டால் நடுவர் அதைக் காட்டிப் பாராட்டுவார். இதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. நம் கிராமத்து வாலிபால் களங்களில் நெட் தொட்டவர் தானே கையைத் தூக்கும் நல்ல பழக்கம் இன்றும் பலரிடம் இருக்கிறது. மைக்கில் வர்ணனை சொல்பவர் அவர் பெயரை ஒருமுறை சொல்லிப் பாராட்டினாலே போதும்.

அப்படியானால் நடுவரே வேண்டாமே, ஆடுபவர்களே நேர்மையாகத் தீர்த்துக்கொள்ளட்டுமே என்று சிலர் கேட்பார்கள். அப்படி ஆடப்படும் ஓர் ஆட்டம் இருக்கிறது. 1968-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பள்ளி மாணவர்கள் தொடங்கிய, தட்டை எறிந்து பிடித்து ஆடும் அல்டிமேட் ஃபிரிஸ்பி இன்று சென்னைக் கடற்கரைகளிலும் ஆடப்படுகிறது. உலகப் போட்டிகளிலும் அங்கே தீர்ப்புச் சொல்ல நடுவர் கிடையாது. ஃபவுல் என்று நினைப்பவர் சொல்ல வேண்டும், எதிராளி ஏற்கவோ மறுக்கவோ வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் தட்டை முன்பிருந்த இடத்துக்குக் கொண்டுபோய் மீண்டும் ஆட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் ஒன்றுக்கொன்று மதிப்பெண் போடுகின்றன. விதிகளை அறிந்து நடந்தார்களா, உடல் மோதலைத் தவிர்த்தார்களா, நடுநிலையோடு இருந்தார்களா, தன்னடக்கம் காட்டினார்களா, முறையாகப் பேசினார்களா என்ற ஐந்து தலைப்புகளில், தலைப்புக்கு நான்கு வீதம் இருபது மதிப்பெண். இந்த ஆட்டத்தை என் வாதத்துக்கு எதிரான சான்றாகப் பலர் காட்டுவார்கள். என் பார்வையில் அது என் பக்கத்துச் சாட்சி. அங்கே நடுவர் இல்லாமல் இல்லை. களத்தில் இருக்கும் பதினான்கு பேரும் நடுவர்கள். ஒவ்வொருவரும் விதிப் புத்தகத்தைப் படித்தாக வேண்டியிருக்கிறது. நம் போட்டிகளில் நடுவரோடு சண்டை போடுபவர்களில் எத்தனை பேர் அந்த ஆட்டத்தின் விதிகளை ஒருமுறையாவது முழுதாகப் படித்திருக்கிறார்கள்?

எல்லா ஆட்டமும் அல்டிமேட் ஆக முடியாது. கபடியில் நாலு பேர் ஒருவரைப் புரட்டிப் போட்டிருக்கும் நிலையில் கூடிப் பேசி முடிவெடுக்க நேரம் இல்லை. ஆனால் அந்த ஆட்டம் செய்வதை நாம் வேறு வழியில் செய்யலாம். ஸ்குவாஷ் போட்டிகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு: ஆடி முடித்தவர் அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக உட்கார வேண்டும். வேர்வை காய்வதற்குள் அவர் தீர்ப்புச் சொல்லும் நாற்காலிக்குப் போகிறார். சற்று முன்பு தான் எதைப் பற்றிப் புலம்பினாரோ அதே கேள்விக்கு இப்போது அவரே பதில் சொல்ல வேண்டும். நெதர்லாந்து ஹாக்கி கிளப்களில் பதின்வயதில் இருக்கும்போதே பிள்ளைகள் விதிகளில் தேர்வு எழுதி நடுவர் அட்டை பெறுகிறார்கள். இளையோர் ஆட்டங்களுக்கு விசில் ஊதுவது கிளப் உறுப்பினரின் கடமைகளில் ஒன்று. நமக்கு இது அந்நியமான சிந்தனை இல்லை. வள்ளுவர் செங்கோன்மையை அரசனுக்கு உரிய பொருட்பாலில் வைத்தார். நடுவு நிலைமையை எங்கே வைத்தார் என்று பாருங்கள். அறத்துப்பாலில், இல்லறவியலில், விருந்தோம்பலுக்கும் இனியவை கூறலுக்கும் செய்ந்நன்றி அறிதலுக்கும் பக்கத்தில். வீட்டோடும் அக்கம்பக்கத்தோடும் வாழும் சாதாரண மனிதருக்கு வேண்டிய குணமாகவே அதை அவர் எண்ணியிருக்கிறார். நாமோ அதை விசில் மாட்டிய ஒருவரிடம் மட்டும் எதிர்பார்த்துவிட்டு, சுற்றி நிற்கும் நாம் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்க உரிமை உண்டு என்று நினைக்கிறோம்.

விசில் கைக்கு வந்ததும் ஓர் ஆட்டக்காரருக்கு என்ன நடக்கிறது? முதலில், எங்கே நின்றால் என்ன தெரியும் என்பது புரிகிறது. கோட்டருகே நிற்கும் அம்பயருக்குத் தெரிவது பார்வையாளருக்குத் தெரியாது. மறைத்து நிற்கும் ஒரு முதுகினால் அம்பயருக்குத் தெரியாமல் போவது எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்குத் துல்லியமாகத் தெரியும். நான் என் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்யும் இருவருமே உண்மை பேசக்கூடும் என்பதை அவர் முதன்முறையாக உணர்கிறார். அடுத்ததாக, உறுதியாகத் தெரியாத ஒன்றை உறுதியோடு சொல்ல வேண்டிய சுமை தெரிகிறது. தயங்கினால் கூட்டம் புகுந்துவிடும். சொல்லிவிட்டால் ஒரு பக்கம் வெறுக்கும். மூன்றாவதாக வருவதுதான் முக்கியம். தான் ஒரு தவறு செய்ததை ஊதிய மறுநொடியில் உணர்ந்து, அதை ஈடுகட்ட அடுத்த தீர்ப்பை மறுபக்கம் சாய்க்கலாமா என்ற ஆசை எழும். அது இரண்டாவது தவறு என்று தெரிந்து அடக்கிக்கொள்ள வேண்டும். அப்படி ஒருமுறை அடக்கிக்கொண்டவர், அடுத்த வாரம் தான் ஆடும்போது இன்னொரு நடுவரிடம் கண்ணை உருட்டிக்கொண்டு ஓடமாட்டார் என்று நான் நம்புகிறேன். ஓடினாலும் பாதியில் நின்றுவிடுவார்.

இதற்கு எதிராக வரும் கேள்விகளில் மிகக் கனமானது தரத்தையும் சார்பையும் பற்றியது. பயிற்சி இல்லாத ஆட்டக்காரரை நடுவராக்கினால் பிழை கூடும். அவர் தன் நண்பர்களுக்குச் சாதகமாகச் சொல்வார். உண்மைதான், அதனால்தான் எல்லைகள் வேண்டும். ஒருவர் தன் பிரிவில் மோதும் அணிகளுக்கு நடுவராக நிற்கக் கூடாது. முதல் ஆண்டில் ஸ்கோரராகவும் கோட்டு நடுவராகவும் மட்டும் நிற்கட்டும். அரையிறுதியும் இறுதியும் மாவட்டக் கழகத்தின் தேர்வு பெற்ற நடுவர்களுக்கே உரியவை. இன்னொன்றையும் இந்த மேடையில் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் பகுதிகளில் சார்பு என்ற குற்றச்சாட்டு பல சமயம் நட்பைப் பற்றியது இல்லை. தெருவைப் பற்றியது, சாதியைப் பற்றியது. நடுவர்கள் எல்லோரும் ஒரே தெருவிலிருந்து வந்தால் அவர்களின் தீர்ப்பு அந்தத் தெருவின் தீர்ப்பாகவே மற்றவர் காதில் விழும். நூற்றுக்கு நூறு சரியாகச் சொன்னாலும் அப்படித்தான் விழும். ஒவ்வொரு அணியிலிருந்தும் இருவர் விசில் பிடிக்கிறார்கள் என்றால், ஊரிலிருந்தும் காலனியிலிருந்தும் வந்த இருவர் ஒரே களத்தில், ஒரே தீர்ப்புக்குச் சேர்ந்து பொறுப்பேற்கிறார்கள். சேர்ந்து ஆடுவதைவிட, சேர்ந்து தீர்ப்புச் சொல்வது கடினமானது. இதை ஒரு விளையாட்டுச் சீர்திருத்தமாக மட்டும் நான் பார்க்கவில்லை.

உணர்ச்சி இல்லாத ஆட்டமும் ஓர் ஆட்டமா, ஊர் மானம் ஒன்று இருக்கிறதே என்று கேட்பவர்களோடு எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை. கத்துங்கள், பறையடியுங்கள், உங்கள் அணிக்காகத் தொண்டை கட்டட்டும். நடுவரின் தாயாரை அதில் இழுக்காதீர்கள், அவ்வளவுதான். கேமரா வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் 2008-இல் டி.ஆர்.எஸ். சோதனையாக வந்தது, கால்பந்தில் 2018 உலகக் கோப்பையில் வி.ஏ.ஆர். வந்தது. பெரிய பிழைகள் குறைந்தன, அது நல்லது. ஆனால் இன்றும் எல்.பி.டபிள்யூ.வில் பந்து ஸ்டம்பின் விளிம்பை உரசும் என்று கருவி காட்டினால் களத்து அம்பயரின் முடிவே நிற்கிறது. எத்தனை கருவி வந்தாலும் கடைசியில் ஒரு மனிதரின் சொல்லை ஏற்க வேண்டிய இடம் மிச்சமிருக்கிறது. நம் களங்களிலோ அது எல்லா இடத்திலும் இருக்கிறது.

பெண்களை மறந்துவிட்டு இதைச் செய்யக் கூடாது. 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களில் முதன்முறையாகப் பெண்கள் அம்பயர்களாக நின்றபோது, அந்த மூவரில் ஒருவர் தமிழ்நாட்டின் என். ஜனனி. ஆடிப் பேர் வாங்க வாய்ப்புக் கிடைக்காத எத்தனையோ பெண்கள் ஆட்டத்தை நுட்பமாக அறிந்தவர்கள். பள்ளி அணியில் கபடி ஆடிய மாணவிகள் பன்னிரண்டாம் வகுப்போடு களத்தைவிட்டு மறைந்துவிடுகிறார்கள். ஆண்கள் ஆட்டத்துக்கும் அவர்கள் விசில் ஊதலாம். விதி எதுவும் தடுக்கவில்லை, நம் கூச்சம்தான் தடுக்கிறது.

விழாக் குழுவினரிடம் நான் கேட்பது இவைதான். அடுத்த போட்டிக்கு அணியைப் பதிவு செய்யும்போதே, அந்த அணியிலிருந்து நடுவர் பணிக்கு வரும் இருவரின் பெயரையும் வாங்குங்கள். பெயர் கொடுக்காத அணியைச் சேர்க்காதீர்கள். போட்டிக்கு முந்தைய சனி ஞாயிறுகளில் பள்ளி மைதானத்தில் விதிமுறை வகுப்பு நடத்துங்கள். நடத்தத் தெரிந்த உடற்கல்வி ஆசிரியர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். கேப்டனைத் தவிர யாரும் நடுவரிடம் பேசக் கூடாது என்பதைக் களம் இறங்கும் முன் இரு அணியையும் நிறுத்தி வைத்துச் சொல்லுங்கள். பார்வையாளர்களைக் கோட்டிலிருந்து தள்ளி நிறுத்தக் கயிற்றை இன்னும் சில அடி வெளியே கட்டுங்கள். இரவெல்லாம் நிற்கும் தேர்வு பெற்ற நடுவர்களுக்கு, பரிசுத் தொகையை அறிவிப்பதைப் போலவே, ஊதியத்தையும் முன்கூட்டியே முடிவு செய்து விடியும் முன் கையில் கொடுத்துவிடுங்கள். முதல் ஆண்டு குழப்பம் வரும், புகார்கள் வரும். அவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்து, இரண்டாம் ஆண்டு வகுப்பை அந்தப் புகார்களிலிருந்தே தொடங்குங்கள்.